வஹாக்காவில் ஒரு சிவப்புக் கம்பளம்

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன், வாசகர்களே! மெக்ஸிகோ தேசத்துக்குப் போய் நான் நன்றாக ஏமாந்து வந்தேன். வெளியூர் போகிறவன் ஏமாறுவது ஒன்றும் புதிதல்ல. ஆனால் நான் ஏமாந்தேன் என்று தெரிந்த மறு நிமிஷமே, நான் யாரை ஏமாற்றினேன் என்பதும் தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மெக்ஸிகோவின் தென்பகுதியில் ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘ஓவாக்ஸாகா’ என்றோ, ‘ஒயாக்ஸகா’ என்றோ படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது ‘வஹாக்கா’ என்று. மாநிலத்துக்கும் அதன் தலைநகருக்கும் அதே பெயர். மெக்ஸிகோ நகரத்திலிருந்து பஸ் ஏறினால் ஆறு ஏழு மணி நேரத்தில், மலைகளுக்கு நடுவே சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பச்சை நிறம் கலந்த கல்லால் கட்டிய வீடுகள், கோயில்கள். வெயில் ஏறினாலும் நிழலில் நின்றால் குளிர்ச்சி. ஊரின் பழைய பகுதியையும் பக்கத்து மலையில் உள்ள மாண்டே அல்பானையும் 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

“போகிற ஊரையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஜாப்தா எழுதாதே. ஏதாவது ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டு போ” என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆசிரியருக்குத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, வஹாக்காவில் பிரயாணம் செய்யும் முறையே அதுதான். அங்கே ஊர்களை மாலையாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். நெசவு பார்க்க வேண்டுமா, அதற்கு ஒரு வழி. மண்பாண்டம் பார்க்க வேண்டுமா, அதற்கு வேறு வழி. கற்றாழைச் சாராயத்துக்கு ஒரு வழி. பழைய பாதிரி மடங்களுக்கு ஒரு வழி. கால்நடையாகக் காடு மலை சுற்ற வேண்டுமானால் அதற்கும் ஒரு வழி.

ஒரே சாலை, மூன்று வழிகள்

நகரத்திலிருந்து கிழக்கே போகும் சாலையை முதலில் எடுத்துக்கொண்டேன். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு சரித்திரமே கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் தூலே என்ற கிராமம். மாதா கோயில் வாசலில் ஒரு மரம் நிற்கிறது. உலகத்திலேயே பருத்த அடிமரம் என்று பெயர் வாங்கியது. அதன் சுற்றளவு சுமார் 42 மீட்டர். முப்பது பேர் கை கோத்து நின்றால்கூடக் கட்டிப்பிடிப்பது சந்தேகம்தான்! பக்கத்தில் இருக்கும் மாதா கோயில் கொலுப்பொம்மை மாதிரி தெரிகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகையால் த்லாகொலூலா சந்தை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் ஊரில் சந்தை கூடுகிறது. புதன் எத்லாவில், வியாழன் ஸாச்சிலாவில், வெள்ளி ஒகோத்லானில், ஞாயிறு இங்கே. வஹாக்கா போகிறவர்கள் பிரயாணத் திட்டத்தைக் காலண்டரை வைத்துப் போடுவதைவிடச் சந்தையை வைத்துப் போடுவது புத்திசாலித்தனம். காய்ந்த மிளகாயில் மட்டும் எத்தனை தினுசு! கறுப்பு, பழுப்பு, சிவப்பு, புகையில் வாட்டியது. நாம் தினமும் ரசத்திலும் சாம்பாரிலும் போடும் மிளகாய்க்குப் பிறந்த வீடு மெக்ஸிகோதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய் வீட்டில் அதற்கு எவ்வளவு சொந்தக்காரர்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஓர் அம்மாள் கூடை நிறைய எதையோ குவித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து ருசி பார்க்கக் கொடுத்தாள். கையில் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வறுத்த வெட்டுக்கிளி! “இன்று எனக்கு விரதம்” என்று சைகையால் சொல்லித் தப்பித்தேன்.

சந்தையிலிருந்து மேலும் கிழக்கே போனால் யாகூல், அப்புறம் மித்லா. இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் குகைகளில் ஒன்றில் ஆராய்ச்சியாளர்கள் பூசணி விதைகளைக் கண்டெடுத்தார்கள். அவை தோராயமாகப் பத்தாயிரம் வருஷம் பழையவை. மனிதன் பயிர் செய்தவை. ஆறாயிரம் வருஷத்துக்கு முந்திய மக்காச்சோளக் கதிர்களும் அங்கே கிடைத்தன. 2010-ல் இந்தக் குகைகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மித்லா என்றால் இறந்தோர் உலகம் என்று பொருள். சபோதெக் என்னும் ஆதிகுடி மக்களின் புனிதத் தலம் அது. அரண்மனைச் சுவர்களில் படிப்படியாக மடிந்து வளைந்து போகும் கோலங்கள் இருக்கின்றன. செதுக்கியவை என்று நினைத்துக் கிட்டே போனால், அல்ல! சின்னச் சின்னக் கற்களை வெட்டி, சாந்து எதுவும் பூசாமல், ஒன்றோடொன்று பொருத்திச் செய்திருக்கிறார்கள். ஸ்பெயின்காரர்கள் வந்து அரண்மனையின் ஒரு பகுதியை இடித்து, அதே இடத்தில் மாதா கோயிலைக் கட்டினார்கள். அந்தக் கோயிலும் நிற்கிறது, அதன் அடியில் பழைய சுவரும் நிற்கிறது. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் எங்கள் கார் டிரைவர் சாலையோரத்துப் பெரிய கடை ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தினார். “பார்ப்பதற்குக் காசு இல்லை” என்றார். இதை நம்பி உள்ளே போனவர்கள் எந்த ஊரிலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. மித்லாச் சுவரின் அதே கோலம் போட்ட கம்பளி விரிப்பு ஒன்று சுவரில் தொங்கியது. ரத்தச் சிவப்பு. “எல்லாம் பூச்சிச் சாயம், ஸார்!” என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். வஹாக்காவுக்கு வந்து வஹாக்காக்காரனையே பேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்று மார் தட்டிக்கொண்டேன்.

பூச்சி கொடுத்த சிவப்பு

மறு நாள், ஆங்கிலம் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் துணைக்கு வந்தார். தாய்மொழி சபோதெக், பள்ளியில் படித்தது ஸ்பானிஷ். ஷேர் டாக்ஸியில் ஏறி, பெரிய சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் தெயோதித்லான் கிராமத்துக்குப் போனோம். ஊரே தறி ஊர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே நெசவு உண்டு. அப்போது பருத்தி நூல், இடுப்பில் கட்டி நெய்யும் தறி. பதினாறாம் நூற்றாண்டில் செம்மறி ஆடும் மிதி தறியும் கடல் கடந்து வந்தன. அன்று முதல் கம்பளி.

மாணவருக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். சுவரோரம் சப்பாத்திக் கள்ளி மடல்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மடல்கள் மேல் வெள்ளை வெள்ளையாக மாவு தூவினாற்போல் ஏதோ ஒட்டியிருந்தது. பாட்டி ஒரு வெள்ளைப் புள்ளியை விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கை முழுவதும் ரத்தம்! ஒரு கணம் பதறிப் போனேன்.

அதுதான் கொச்சினீல் பூச்சி. மழைக்காலத்தில் நம் பக்கத்துத் தரையில் ஊருமே இந்திரகோபம், அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு ஜாதி. இது கள்ளிச் சாற்றைக் குடித்து, இருந்த இடம் விட்டு அசையாமல் வாழ்கிறது. சாயம் பெண் பூச்சியிடம்தான். ஏறக்குறைய மூன்று மாதத்தில் முற்றியதும் தூரிகையால் தட்டி எடுத்து உலர்த்துகிறார்கள். உலர்ந்தால் மிளகைவிடச் சிறியதாய், சாம்பல் நிறமாய்ச் சுருங்கிவிடுகிறது. ஒரு கிலோ சேர வேண்டுமானால் ஏறக்குறைய 1,50,000 பூச்சிகள் வேண்டும்.

பாட்டி அம்மியில் கொஞ்சம் அரைத்துத் தண்ணீரில் கரைத்தார். கருஞ்சிவப்பு. அதில் எலுமிச்சம்பழத்தை இரண்டு சொட்டுப் பிழிந்தார். பளீரென்று ஆரஞ்சு கலந்த சிவப்பு! இன்னொரு கிண்ணத்தில் சோடா உப்பு ஒரு சிட்டிகை. ஊதா! ஜால வித்தைக்காரன்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் செய்ய மாட்டான்.

இந்தப் பூச்சிக்காக ஐரோப்பா பட்ட பாட்டைக் கேளுங்கள். ஸ்பெயின் ஆண்ட மெக்ஸிகோவிலிருந்து கப்பலேறிய செல்வத்தில் வெள்ளிக்கு அடுத்தபடி விலை மதிப்புள்ளது இதுதான். பிரபுக்களின் அங்கிகளும் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டும் இதனால் சிவந்தவை. இது விதையா, பூச்சியா என்றே வெளியாருக்குத் தெரியாமல் ஸ்பெயின் வெகு காலம் ரகசியத்தைப் பொத்தி வைத்திருந்தது. கடைசியில் 1777-ல் தியெரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி வஹாக்காவுக்கே வந்து, பூச்சி ஒட்டிய கள்ளி மடல்களைத் திருட்டுத்தனமாகக் கடத்திக்கொண்டு போனார்.

இந்த ஆசை நம் சென்னையையும் விடவில்லை! கும்பினி ஆட்சியின் வைத்தியராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தச் சிவப்புச் சாயத்தை இங்கேயே உண்டாக்கிவிடலாம் என்று 1786-ல் லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டமும் போட்டார். கள்ளி வந்தது, உண்மையான பூச்சி வரவில்லை. 1795-ல் பிரேஸிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி மட்ட ரகம். திட்டம் பலிக்கவில்லை. வஹாக்காவில் பரம்பரை பரம்பரையாகப் பூச்சியைப் பொறுக்கி வளர்த்த கைகளைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை போலும்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரசாயனச் சாயங்கள் வந்தன. பூச்சிச் சாயத்தின் விலை விழுந்தது. கள்ளித் தோட்டங்கள் அழிந்தன. இன்று உதட்டுச் சாயத்திலும் தின்பண்டங்களிலும் ஓரளவு பயன்படுகிறது. தெயோதித்லானில் சில குடும்பங்கள் பிடிவாதமாக இன்னும் தறிக்குப் பயன்படுத்துகின்றன.

இவ்வளவும் கேட்ட உற்சாகத்தில் நான் என் பையிலிருந்த கம்பளத்தை எடுத்துப் பெருமையாக விரித்தேன்.

பாட்டி ஒரு மூலையைத் தடவிப் பார்த்தார். புரட்டினார். முகர்ந்தார். அப்புறம் மாணவரிடம் ஏதோ சொன்னார். மாணவர் மொழிபெயர்க்கத் தயங்கினார்.

“சும்மா சொல்லுங்கள்” என்றேன்.

“டப்பாவில் வருகிற சாயமாம். நூலிலும் பாதி ஆலையில் செய்த செயற்கை நூலாம்.”

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். என்ன விலை கொடுத்தேன் என்று பாட்டி கேட்டார். சொன்னேன். பாதி விலைக்குப் பேசி வாங்கிய பெருமையையும் வெட்கமில்லாமல் சொன்னேன். பாட்டி சிரிக்கவில்லை.

“தம்பி, நீ ஏமாந்தது போகட்டும். இதே அளவு விரிப்பு எனக்கு நூல் நூற்க, சாயம் ஏற்ற, நெய்ய, எல்லாம் சேர்த்து ஒரு மாதம் பிடிக்கிறது. நாளைக்கு இங்கே வருகிறவர், நீ கொடுத்த விலையைச் சொல்லித்தானே என்னிடம் பேரம் பேசுவார்? வண்டிகள் எல்லாம் பெரிய கடையோடு நின்றுவிடுகின்றன. டிரைவருக்கு அங்கே கமிஷன். ‘நெசவு வழி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். வழி எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வரவில்லையே!”

அவருடைய மகன் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோட்டலில் வேலை பார்க்கிறாராம். நல்ல நெசவாளியாம். “தறி சோறு போட்டிருந்தால் போயிருக்க மாட்டான்” என்றார் பாட்டி. அந்தத் தறி முற்றத்தின் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது.

தண்ணீர் தாங்காத குடம்

அதன் பிறகு எந்த வழியில் போனாலும் பாட்டியின் கேள்வி கூடவே வந்தது.

தெற்குச் சாலையில் சான் பார்த்தோலோ கொயோதெபெக். கரிய மண்பாண்டங்களின் ஊர். இவர்களுக்குக் குயவர் சக்கரம் கிடையாது. ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் இன்னொரு தட்டை வைத்து, கையால் சுழற்றியே வனைகிறார்கள். முன்பெல்லாம் இங்கே செய்த பானைகள் பளபளப்பில்லாத சாம்பல் நிறம். நன்றாகச் சுட்டவை, தண்ணீரும் சாராயமும் நிரப்பிக் கழுதை மேல் ஏற்றலாம். 1950-களில் டோனா ரோஸா என்று எல்லோரும் அழைத்த ரோஸா ரெயால் என்ற குயவர் பெண்மணி, சுடுவதற்கு முன் பாண்டத்தைப் பளிங்குக் கல்லால் தேய்த்து, சூட்டைக் குறைத்துச் சுட்டுப் பார்த்தார். கண்ணாடி போல் மின்னியது! உலகமெங்கும் புகழ் பரவியது. ஆனால் அப்படி மின்னும் பானையில் தண்ணீர் ஊற்றினால் கசிந்துவிடும். தண்ணீர் தாங்காத குடம்தான். ஆயினும் ஊரில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்குகிறது. வாங்க வருகிறவன் மாறினால் பொருளும் மாறத்தான் வேண்டியிருக்கிறது.

அதே சாலையில் மேலும் போனால் சான் மார்த்தின் தில்காஹெதே. கொப்பால் மரத்தில் சிறகு முளைத்த முயலும், கொம்பு முளைத்த பல்லியும் செதுக்கி, ஊசிமுனை அளவு புள்ளிகளால் வர்ணம் தீட்டுகிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகளை இங்கே அழைத்து வந்தால் திரும்ப அழைத்துப் போவது கஷ்டம்.

கிழக்குச் சாலையின் கோடியில் மதத்லான். ‘உலக மெஸ்கால் தலைநகர்’ என்று வளைவு கட்டி வரவேற்கிறார்கள். மெஸ்கால் என்பது கற்றாழைச் சாராயம். நம் ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் ஆனைக் கற்றாழையின் நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. ஆறு முதல் எட்டு வருஷம் வளர்த்து, மடல்களைச் சீவி எறிந்து, நடுக் கிழங்கை மண் குழி அடுப்பில் நாள் கணக்கில் சுடுகிறார்கள். குதிரை இழுக்கும் கல் செக்கில் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். நான் முகர்ந்ததோடு சரி என்று சொன்னால் குடும்பப் பத்திரிகை வாசகர்கள் நம்ப வேண்டும்! உலகமெங்கும் மெஸ்காலுக்குக் கிராக்கி ஏறியதில் பள்ளத்தாக்கில் காசு புரள்கிறது. ஆனால் மக்காச்சோளம் விளைந்த நிலத்திலும், மரம் நின்ற சரிவிலும் கற்றாழை வரிசைகள் ஏறிவிட்டன. குழி அடுப்புக்கு விறகும் வேண்டுமே!

வடமேற்கே மிஷ்தெக் மலைநாட்டில் டொமினிக்கப் பாதிரிமார்களின் மட வழி. யான்வித்லான், தெபோஸ்கொலூலா, கொயிஷ்த்லவாக்கா என்று மூன்று ஊர்கள். பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த மடங்கள் கோட்டைகளைப் போல் நிற்கின்றன. அன்று பட்டும் பூச்சிச் சாயமும் கொழித்த பிரதேசம் இது. தெபோஸ்கொலூலாவில் சுவரில்லாத திறந்த கோயில் ஒன்று உண்டு. ஜனத்திரள் உள்ளே அடங்காததால் மைதானத்தில் நின்று வழிபடக் கட்டியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கொள்ளை நோய்கள் அந்த ஜனங்களை வாரிக்கொண்டு போயின. பெரிய மைதானத்தில் நான் நின்றபோது எனக்குத் துணை ஒரு நாயும், கொஞ்சம் காற்றும்.

கணக்குப் புத்தகம்

கடைசியாக வடக்கு மலைக்குப் போனேன். அங்கே எட்டு சபோதெக் கிராமங்கள், நிலத்தையும் காட்டையும் பொதுவில் வைத்து ஆண்டு வருகின்றன. ஊரிலிருந்து ஊருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதைகள். தங்கும் விடுதிகளை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். வழிகாட்டி வேலையும் ஊர் முறை. தெக்கியோ என்று ஒரு வழக்கமும் உண்டு. கூலியில்லாமல் ஊருக்குச் செய்யும் உழைப்பு. பாதையைச் செப்பனிடுவதும் அதில் சேர்ந்தது. நாம் கொடுக்கும் கட்டணம் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு இங்கே விடை சுலபம்: ஊருக்கு.

வஹாக்காவில் ஜூலை மாதப் பிற்பகுதியில், இரண்டு திங்கட்கிழமைகளில், கெலகேத்ஸா என்ற பெரிய நடன விழா நடக்கிறது. கூட்டம் அலைமோதும். ஆனால் கெலகேத்ஸா என்ற சபோதெக் சொல்லுக்கு நடனம் என்று அர்த்தமல்ல. கொடுக்கல் வாங்கல் என்று அர்த்தம். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அயலார் வான்கோழியும் சோளமும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீட்டுக்காரர் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறார். அயலார் வீட்டில் விசேஷம் வரும்போது அதே அளவைத் திருப்பிச் செய்ய வேண்டும். மொய் எழுதித் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை அல்லவா?

மலையிலிருந்து இறங்கும்போது, அந்தப் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு பாக்கி நிற்பதாகத் தோன்றியது. ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மறுபடியும் தெயோதித்லானுக்குப் போனேன். பாட்டியிடம் ஒரு சின்ன விரிப்பு கேட்டேன். கையில் மிச்சமிருந்த பணத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கும். சொன்ன விலையைக் கொடுத்தேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பேரம் பேசவில்லையா?” என்று கேட்டார்.

“போன தடவையே பேசியாகிவிட்டது” என்றேன். இந்தத் தடவை சிரித்தார்.

வஹாக்காவுக்குப் போகிற பாக்கியம் உங்களில் யாருக்காவது கிடைத்தால், இதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்த வழியில் போனாலும் பெரிய சாலையோடு நின்றுவிடாதீர்கள். நாலு கிலோமீட்டர் உள்ளே போங்கள். பொருளை எடுத்துப் பார்க்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் ‘நெய்தவர் யார்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இருந்தால் வாங்குங்கள்.

இரண்டு விரிப்புகளும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. பெரியது வாசலில் கால் துடைக்கக் கிடக்கிறது. சின்னது என் மேஜைக்கு மேலே சுவரில். காலை வெயில் படும்போது அதன் சிவப்பு ஒன்றாக இல்லை. ஓர் ஓரத்தில் கொஞ்சம் கருத்தும், ஓர் ஓரத்தில் கொஞ்சம் வெளுத்தும் இருக்கிறது. “சாயம் சரியாக ஏறவில்லை போலிருக்கிறதே!” என்றார் பார்க்க வந்த நண்பர். அவரை உட்காரவைத்து முதலிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்தேன்.